பத்து நாளைக்கு வந்தவர்

"இங்க காபி நல்லா இருக்குங்களா மேடம்?"

"சுமாருங்க. டீ தேவலாம்."

"அப்பப் பத்து நாளும் டீயே குடிச்சுக்கறேன்."

அந்தோணி பிரகாஷ் என்னிடம் முதலில் பேசியது இவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று மாலை அதியமான்கோட்டையில் இறங்க வேண்டிய நான் தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். கண்டக்டர் திட்டினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் பானுமதி. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் மனநல மையத்தில் உளவியலாளர். உரிமம் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. என் கடமைகள் எனக்குத் தெரியுமா என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். தெரியும் ஐயா. தானாக வந்து சேர்ந்த நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் நிறுத்தி வைக்கக் கூடாது. அதை வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுத வைத்ததே நான்தான்.

பிரகாஷ் கம்பைநல்லூர்க்காரர். மனைவி இறந்த பிறகு தூக்கம் போய்விட்டது. ஒன்பது வயது மகள் பிளசியைத் தங்கை இசபெல்லாவிடம் விட்டுவிட்டு, தானே பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரே வாரத்தில் நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். பிறகு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வூட்டுக்குப் போவணும்னு மனசு கெடந்து துடிக்குதில்ல, அதாங்க நோவே. அது அடங்கற வரைக்கும் யாருகிட்டயும் கேக்காதீங்க. கேட்டா இன்னும் கொணமாகலைன்னு அர்த்தம்."

"சரிங்க மேடம்" என்றார், குழந்தை மாதிரி. எனக்கு உள்ளுக்குள் பூ பூத்தது.

ஆக, அவர் கேட்கவில்லை; நான் மறுக்கவும் இல்லை. எந்த விதியை மீறினேன், சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டாக்டர் என் குறிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். 'நோயாளி தொடர்ந்து இங்கே இருக்க விரும்புகிறார்' என்று எழுதும்போதெல்லாம் விரல் நுனி வரை தித்திக்கும்.

இசபெல்லா போன் செய்தால், "அண்ணன் இப்ப யாரையும் பாக்கற மாதிரி இல்லைங்க" என்பேன். பிளசி சர்ச்சில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளைக் கவுனில் எடுத்த படத்தை இசபெல்லா அனுப்பினாள். அப்படி ஒரு அழகு. அவரிடம் காட்டவில்லை. பின்னால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏழு மாதம் ஐயா. அத்தனை புதுச் சேலை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை.

"என்னங்க மேடம், தெனமும் கல்யாண வூட்டுக்குப் போறாப்புல வரீங்க?" என்றாள் நர்ஸ் தீர்த்தம்மாள்.

"பொண்ணே நானா இருந்தா?" என்றேன். வராந்தாவே சிரித்தது.

போன புதன்கிழமை அரசின் மனநல மறுஆய்வு வாரியத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"உங்களுக்கு ஏதாவது வேணுங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

அவர் மனசில் இருப்பதைச் சொல்லத்தான் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியாதா. என் பெயரைச் சொல்லப் போகிறார் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். முகமெல்லாம் சூடேறியது.

"கேக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க, தப்புத்தானுங்க" என்றார். "என்னைய எம் புள்ளகிட்ட அனுப்பிடுங்க."