கொழுப்பெடுத்த சூப்

மனைவி: எந்திரிங்க, பஸ் வருது.

கணவன்: அடுத்ததுல போலாம்.

மனைவி: இதோட மூணு பஸ்ஸை விட்டாச்சு. ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துட்டு எத்தனை நேரம் உட்கார்றது?

கணவன்: மொதல்ல நீ சாப்பிடு. ஸ்கேனுக்குன்னு காலையில பச்சைத் தண்ணிகூட குடிக்காம வந்தே. மணி பன்னெண்டாச்சு. இந்தா, டப்பா.

மனைவி: என்ன இருக்கு அதுல... வேணாம், நானே சொல்றேன். ஆறு முட்டையோட வெள்ளைக் கரு.

கணவன்: கோழிக்கறியும் இருக்கு. நெஞ்சுக்கறி, நூறு கிராம். தோலெல்லாம் எடுத்துட்டேன்.

மனைவி: ஒன்றரை மாசமா கோழியையே தின்னுட்டிருக்கேன். இன்னும் ரெண்டு வாரம் போனா விடியக்காலையில நானே கூவிடுவேன்.

கணவன்: கூவு. அலாரம் வைக்கிற வேலை மிச்சம்.

மனைவி: சிரிக்கக்கூட தெம்பில்லைங்க. கடையில நேத்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன், கண்ணைக் கட்டிட்டு வந்திருச்சு. யாரோ ஒருத்தரோட வெள்ளைச் சட்டை... காலர்ல பழுப்பா ஒரு கறை விழுந்துபோச்சு. முதலாளியம்மா ஒண்ணும் சொல்லலை. பார்த்த பார்வையே போதும்.

கணவன்: லீவு போடுன்னா கேக்கறியா?

மனைவி: ஆபரேஷன் ஆனா ரெண்டு மாசம் போடணுமே. இப்பவே போட்டுட்டா அப்போ யாரு குடுப்பாங்க? அந்த டாக்டரம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குப் பாதியிலேயே காது அடைச்சுப்போச்சு.

கணவன்: அதான் உள்ளயே கேட்டோமே...

மனைவி: சொல்லுங்கன்னா.

கணவன்: உன் ஈரல்ல கொழுப்பு நூத்துக்கு இருபது இருந்துச்சாம். இப்போ பத்தொன்பது. பத்துக்குக் கீழ வந்தாதான் அதுல பாதியை வெட்டி உன் தம்பிக்கு வைக்க முடியுமாம். அப்படியே எடுத்தா உனக்கும் ஆபத்து, அவனுக்கும் ஒட்டாதாம்.

மனைவி: நாப்பத்தஞ்சு நாள் பட்டினி கிடந்ததுக்கு... ஒண்ணு.

கணவன்: பட்டினின்னு சொல்லாதே. கணக்காதானே சாப்பிட்டே.

மனைவி: நல்ல கணக்கு! ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரியைத் தாண்டக் கூடாதாம். ஆனா புரோட்டீன் மட்டும் எண்பது கிராம் குறையக் கூடாதாம். மாட்டுக்குப் புல்லும் போடக் கூடாது, பாலும் குறையக் கூடாதுங்கற மாதிரி.

கணவன்: கொழுப்புதான் கரையணும், சதை கரையக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல, அதுக்குத்தான். ஆபரேஷனைத் தாங்கறதுக்கு உடம்புல வலு வேணுமாம்.

மனைவி: அது சரி. அந்த டயட் சொல்ற பொண்ணு கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி. "வீட்டுல தெரியாம ஏதாவது சாப்பிடறீங்களா?" என் மூஞ்சியைப் பார்த்துக் கேக்குது. தெருவுல பிடிச்ச திருடியைக் கேக்கற மாதிரி.

கணவன்: அது எல்லாரையும் கேக்கற கேள்விதான். நீ அதை மனசுல...

மனைவி: நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? "இல்லம்மா, இவ அப்படிப்பட்டவ இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாயில முத்தா உதிர்ந்திடும்?

கணவன்: ...சொல்லணும்னுதான் நினைச்சேன்.

மனைவி: தரையில எத்தனை கல்லு இருக்குன்னு எண்ணிட்டு இருந்தீங்க.

கணவன்: எனக்கு ஒரு யோசனை. தப்பு எடையில இருக்குமோ?

மனைவி: எந்த எடை?

கணவன்: கறி எடை. நூறு கிராம்னு எழுதிக் குடுத்தாங்களே... அது பச்சைக் கறி எடையா, வெந்த கறி எடையா? நான் வேக வெச்சுட்டு நிறுத்துட்டேன் போல. வெந்தா தண்ணி வத்திப்போகும்ல. அப்போ நான் குடுத்தது உண்மையில நூத்திமுப்பது, நூத்திநாப்பது...

மனைவி: கம்பெனி கேன்டீன்ல நானூறு பேருக்கு ஆக்கற மனுஷன். பச்சைக் கறி எது, வெந்த கறி எதுன்னு உங்களுக்குத் தெரியாது. சரி.

கணவன்: மனுஷன்தானே... தப்பு நடக்கும்.

மனைவி: எண்ணெய் டின்னைக் கையால தட்டிப் பார்த்தே உள்ள எவ்வளவு இருக்குன்னு சொல்றவர் நீங்க. அன்னைக்கு என்னமோ தராசை மேடையில வெச்சுட்டு, அது ஆடுதுன்னு அடியில அட்டையை மடிச்சு வெச்சீங்க. நகைக்கடைக்காரன் தோத்தான்.

கணவன்: இப்போ எதுக்கு அதெல்லாம்?

மனைவி: சும்மாதான். அந்தப் பொண்ணுகிட்ட போய் இதைச் சொல்லுங்க, சிரிக்கும். நாப்பது கிராம் கோழிக்கறியிலயா ஈரல் கொழுத்துப்போகும்?

கணவன்: ...போன் அடிக்குது பாரு.

மனைவி: தம்பி.

கணவன்: எடு.

மனைவி: நீங்க எடுங்க. எனக்கு முடியலை.

கணவன்: என்னால எப்படி... ரெண்டு பேருமா பேசலாம், ஸ்பீக்கர்ல போடு.

மனைவி: அலோ... சொல்லுடா.

தம்பி: என்னக்கா, போனை எடுக்க இவ்வளவு நேரம்? என்ன சொன்னாங்க?

மனைவி: கொழுப்பு குறையலையாம்டா.

தம்பி: இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுக்கு? உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அம்மா அப்பவே சொன்னாங்களே.

மனைவி: நேர்ல வந்தேன்னா பல்லைக் கழட்டிடுவேன்.

தம்பி: பல்லு வேணாம்க்கா. ஈரல் மட்டும் குடு, போதும்.

மனைவி: ஏன்டா குரல் இப்படி இருக்கு? மூச்சு வாங்குதா?

தம்பி: படுத்துட்டுப் பேசறேன்ல. வயித்துல மறுபடியும் தண்ணி கோத்துக்கிச்சு. நேத்து போய் எடுத்துட்டு வந்தோம். மூணு லிட்டர்.

மனைவி: போன வாரம்தானே எடுத்தாங்க?

தம்பி: ம். முன்னெல்லாம் மாசம் ஒரு தடவை. இப்போ வாரம் ஒண்ணு. என் வீட்டுக்காரி பக்கெட்டைப் பார்த்தே பயப்படறா. பள்ளிக்கூட வேன் ஓட்டறவனுக்கு வயித்துல தண்ணி லாரின்னு நான் சொன்னேன்... அவளுக்குச் சிரிப்பே வரலை. அழுதுட்டா.

மனைவி: சிரிக்கற மாதிரியா சொல்றே நீ?

தம்பி: பக்கத்துல மாமா இருக்காரா?

கணவன்: இருக்கேன் மச்சான். சொல்லு.

தம்பி: மாமா, அக்கா அன்னைக்குச் சொல்லிச்சு. கேன்டீன்ல காலையில இருந்து வெந்துட்டு, வீட்டுக்கு வந்து இதுக்குத் தனியா கிராம் கணக்குல ஆக்கிப் போடறீங்களாமே? சூப்புல மிதக்கற கொழுப்பைக்கூட கரண்டியால வழிச்சு எடுக்கறீங்களாம்.

கணவன்: அதெல்லாம்... ஒண்ணுமில்ல மச்சான்.

தம்பி: என் கூடப் பிறந்தவ குடுக்கறா, அது ரத்தம். நீங்க எனக்காக இவ்வளவு பண்ணணும்னு என்ன இருக்கு? உங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும் மாமா.

கணவன்: ...

தம்பி: மாமா? லைன்ல இருக்கீங்களா?

மனைவி: இருக்காருடா. பஸ் சத்தம்.

தம்பி: அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதே. எத்தனை நாள் தருவாங்களாம்?

மனைவி: இன்னும் நாலு வாரம். மறுபடியும் பார்ப்பாங்களாம்.

தம்பி: நாலு வாரமா... சரி. தாங்கிடுவேன்னு நினைக்கறேன். அக்கா...

மனைவி: என்னடா?

தம்பி: உனக்குப் பயமா இருந்தா சொல்லிடு. நிஜமாத்தான் சொல்றேன். நான் தப்பா நினைக்க மாட்டேன். உனக்கும் பிள்ளை இருக்கு. வேற யாரோடதும் எனக்குப் பொருந்தலைங்கறதுக்காக உன் கழுத்துல கத்தி வைக்கக் கூடாதில்ல.

மனைவி: பைத்தியக்காரா. பயமாம் பயம். உனக்குக் குடுக்காம யாருக்குடா குடுக்கப்போறேன்? போய்த் தூங்கு. வேளா வேளைக்கு மாத்திரையைப் போடு.

தம்பி: சரிக்கா... வெக்கறேன். சாப்பிடு. புரோட்டீனா சாப்பிடு.

மனைவி: வெச்சுட்டான். ஏங்க... அழறீங்களா?

கணவன்: வெயிலு.

மனைவி: நிழல்லதானே உட்கார்ந்திருக்கோம்.

கணவன்: நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீ என்ன பண்ணாலும் சரி.

மனைவி: வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.

கணவன்: இல்ல, வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அந்தச் சூப்பு... உன் முன்னாடி கொழுப்பை வழிச்சு எடுத்தேன்ல? நீ குளிக்கப் போன நேரத்துல ரெண்டு கரண்டி வெண்ணெயைப் போட்டு அடிச்சுக் கலக்கினேன். மேல மிதக்காம இருக்க என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். புரோட்டீன் மாவு டப்பாவுல பாதிக்குப் பாதி பால் பவுடர். இனிப்பு போட்டது. தயிர்ல ஆடையைக் கடைஞ்சு சேர்த்தேன். வெள்ளைக் கருவுலகூட... எல்லாத்துலயும்தான். அந்தப் பொண்ணு தந்த தாள்ல ஆயிரம்னு இருந்தா, உன் வயித்துக்குள்ள போனது ரெண்டாயிரம்.

மனைவி: எதுக்குப் பண்ணீங்க?

கணவன்: எதுக்குன்னா... பயம். வேற என்ன? எங்க அண்ணன் குடலிறக்கத்துக்குன்னு நடந்துதான் போனான். சின்ன ஆபரேஷன், சாயங்காலம் காபி குடிக்கலாம்னாங்க. செருப்பைக் கட்டிலுக்கு அடியில விட்டுட்டுப் போனான். செருப்பை மட்டும்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன்னைப் பாதியா அறுப்பாங்கன்னு அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்களே... அன்னைக்குத்தான் வெண்ணெய் டப்பாவைத் திறந்தேன்.

மனைவி: என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

கணவன்: என்னன்னு சொல்றது? உன் தம்பி செத்தாப் பரவாயில்ல, நீ எனக்கு வேணும்னா? அதை வாய் விட்டுச் சொல்லிட்டு ஒரே வீட்டுல எப்படிக் குடும்பம் நடத்தறது? கொழுப்பு குறையலைன்னா அவங்களே வேணாம்னுடுவாங்க. யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். வேற யாராவது கிடைச்சா வைக்கட்டும்னு... முட்டாள்தனம். இப்போ அவன் என் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்ங்கறான்.

மனைவி: ம்...

கணவன்: "ம்"மா? திட்டு. ரெண்டு அறை அறை. ரோட்டுல நாலு பேரு பார்த்தாலும் பரவாயில்ல.

மனைவி: கை ஓங்கத் தெம்பில்லை.

கணவன்: இதுக்கு நீ அடிச்சிருந்தாலே தேவலாம்.

மனைவி: விடுங்க. நாலு வாரம் இருக்குல்ல.

கணவன்: இருக்கு. இன்னைக்கு ராத்திரியில இருந்து ஒரு சொட்டு எண்ணெய் சேர்ந்தா என் கையை வெட்டிக்கோ. அந்த மாவு டப்பாவைக் கொட்டிட்டு புதுசு வாங்கறேன். சத்தியமா குறைஞ்சிடும். ஒழுங்கா ஆக்கினா உனக்கு மூணே வாரத்துல குறையும்.

மனைவி: சரி.

கணவன்: அப்புறம், இப்பவே உன் தம்பி வீட்டுக்குப் போறேன். நேர்ல சொல்லிடறேன். உங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்லடா, அவ பச்சைக் குழந்தை மாதிரி வெச்சதைத் தின்னா, எல்லாப் பாவமும் என்னுதுன்னு. கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.

மனைவி: வேணாம்.

கணவன்: இல்ல, சொல்லியே ஆகணும். உன்னை ஒருத்தி திருடின்னு பார்த்தா, நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவங்ககிட்டயும் போய்ச் சொல்றேன். வா, இப்பவே மேல போலாம்.

மனைவி: வேணாம்னு சொல்றேன்ல! உட்காருங்க.

கணவன்: ஏன்? என்னைக் காப்பாத்தறியா?

மனைவி: உங்களையா... இல்லைங்க. உட்காருங்க முதல்ல. எனக்குத் தெரியும்.

கணவன்: எது தெரியும்?

மனைவி: எல்லாம்.

கணவன்: எப்போ இருந்து?

மனைவி: ரெண்டாவது வாரத்துல இருந்து. கேன்டீன்ல உங்களுக்குப் பாத்திரம் கழுவ மூணு ஆள் இருக்கு. வீட்டுல யாரு கழுவறது? கொழுப்பெடுத்த சூப் குடிச்ச கிண்ணம் பச்சைத் தண்ணியில அப்படியா வழுக்கும்? ரெண்டு தடவை சோப்பு போட்டும் விரல்ல பிசுக்கு போகலை.

கணவன்: தெரிஞ்சும் குடிச்சியா? ஒரு மாசமா? ஏன்டி... கொட்டியிருக்கலாமே. என் சட்டையைப் பிடிச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

மனைவி: எனக்கு உங்களைவிடப் பயம். கண்ணை மூடினா அந்தப் படம்தான் வருது, தூக்கமே இல்லாமதான் தெம்பும் போச்சு. முடியாதுன்னு என் வாயால சொல்லிட்டா அப்புறம் நான் அவனுக்கு அக்கா இல்லைங்க. அதான், பழி உங்க தலையிலயே இருந்துட்டுப் போகட்டும்னு தெரியாத மாதிரியே தின்னேன்... கேட்டிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்களே.