முறை சொன்னவன்

இன்று காலை பச்சைத்தண்ணீரில் குளித்தேன். லிந்துலைக் குளிரில் என் வயதுக்காரன் செய்யக்கூடிய காரியமில்லை. முதல் செம்பை ஊற்றியதுமே மூச்சு முட்டியது. இரண்டாவதை ஊற்றத் தைரியம் வராமல் துவட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என் மகள் பிரியந்தினி தினமும் வெந்நீரைப் பதமாக விளாவி வாளியை வைத்துவிட்டு, "அப்பா, ஆறிறப் போகுது" என்று ஒரு குரல் கொடுப்பாள். இன்று அந்தக் குரல் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே அலுப்பாகத்தான் இருக்கிறது, மெதுவாகச் சொல்கிறேன்.

என் பெயர் மயில்வாகனம். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். குடிசன மதிப்பு எடுக்கும் காலம் வந்தால் என்னைப் போன்றவர்களைத்தான் பிடித்துப் போடுவார்கள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவேன். வயது என்ன என்று கேட்டால், "மண்சரிஞ்ச வருசம் பொறந்தேங்க" என்பார்கள். நானாக ஒரு வயதைப் போடுவேன். கொஞ்ச நாளில் அந்த வயதையே அவர்கள் பிள்ளைகளும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்று சுற்று வட்டாரத்தில் சந்தேகம் வந்தால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர்.

லண்டனில் இருக்கும் துஷாந்த், காலமாகிவிட்ட என் தம்பியின் மகன். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. அங்கே அது போதாது என்று சொல்லி, அவன் என் அப்பாவின் பெயரைப் பிடித்துத் துஷாந்த் மாயாண்டி ஆகிவிட்டான். போன வருஷம் அவனுடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டார்களாம், மாயாண்டி என்றால் யார், எந்த ஊர் என்று. அதிலிருந்து அவனுக்கு ஒரே ஆராய்ச்சி. தோட்டத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று எழுதிய பழைய குடிக் கணக்குகளைத் தேடிப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். எச்சிலை வைத்தே யாருக்கு யார் ரத்தச் சொந்தம் என்று சொல்லும் பரிசோதனைக்கு, துப்பி அனுப்பக் குழாய்களும் ஆள் மூலமாகக் கொடுத்துவிட்டான். நானும் பிரியந்தினியும் துப்பினோம். ஒரு குழாய் மிஞ்சியது.

அதில் துப்பியவன் திலக்ஷன். பிரியந்தினி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் அவனும் கணக்கு வாத்தியார், ஊர் பூண்டுலோயா. துஷாந்துக்கு அனுப்ப வேண்டிய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதற்காக வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். "நம்ம ஆளுக கையில எச்சிலாவது மிஞ்சியிருக்கே சார்" என்று சிரித்துக்கொண்டே துப்பினான். அவன் படம் ஏற்ற மட்டும் வரவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். பிரியந்தினியே ஒருநாள் சொல்லிவிட்டாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன்.

நல்ல பையன். அதை மறைக்க மாட்டேன். கலியாணத்துக்குப் பிறகு என்னையும் பூண்டுலோயாவுக்கே வந்துவிடச் சொன்னான். போய்ப் பார்த்தேன். மேட்டில் வீடு. குளிக்கிற இடம் வெளியே, தகரக் கதவு. அவனுடைய அப்பா பழனியாண்டியும் மனைவி இல்லாதவர். என் மனைவி சீதாலெட்சுமி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரு வீட்டில் இரண்டு கிழவர்கள் ஒரு வாளி வெந்நீருக்கு யார் முந்தி என்று நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்போதுதான் லண்டனிலிருந்து பதில் வந்தது. திலக்ஷன் எங்களுக்கு நெருங்கிய சொந்தமாம். பிரியந்தினியும் அவனும் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தார்கள். நான் துஷாந்திடம் போனில் கேட்டேன். "பெரியப்பா, ரத்தம் எவ்வளவு நெருக்கம்னுதான் அது சொல்லும். எந்த வழியில வந்த சொந்தம்னு நீங்கதான் சொல்லணும்" என்றான். இயந்திரம் அவ்வளவுதான். அதற்கு அத்தை வழியும் சித்தப்பா வழியும் ஒன்று. நமக்கு அப்படியா? ஒரு வழியில் வந்தவன் தாலி கட்டுவான், மறு வழியில் வந்தவன் கூடப்பிறந்தவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திலக்ஷன் அப்பாவை அழைத்துக்கொண்டு பழத்தட்டோடு வந்தான். வெற்றிலை, வாழைப்பழம், ஒரு பெட்டி கேக். முறை தெரிந்துவிட்டால் அன்றைக்கே பேசி முடிக்கலாம் என்ற எண்ணம். பழனியாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா மொகமே எனக்குத் தெரியாதுங்க ஐயா. கைக்கொழந்தையிலயே போயிட்டாரு. அம்மாதான் கொழுந்தெடுத்து வளத்துச்சு. அம்மா பேரு ராக்காயி" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ராக்காயி என் அப்பாவின் தங்கை. அண்ணனைக் கேட்காமல் ஒருவரோடு பூண்டுலோயாவுக்குப் போய்விட்டாள். அவரும் எங்கள் ஆள்தான், ஆனாலும் அப்பா அவள் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை. என் அம்மா வேலாயி மட்டும் ஒரு தடவை, அப்பாவுக்குத் தெரியாமல், சிறு பையனாக இருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அத்தை எனக்கு வெல்லம் போட்டு அவல் கொடுத்தாள். கைக்குழந்தை ஒன்றைத் தூக்கி என் மடியில் வைத்து, "புடிங்க மருமகனே, ஒங்க மச்சான்" என்றாள். குழந்தை என் சட்டையை நனைத்துவிட்டது. அந்தக் குழந்தைதான் என் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது.

அதாவது பழனியாண்டி எனக்கு அத்தை மகன், சொந்த மச்சான். மச்சான் மகன் என் மகளுக்கு முறை மாப்பிள்ளை. தேடிப் போனாலும் கிடைக்காத பொருத்தம். இதை அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் பழனியாண்டி எழுந்து என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். நான், "பழைய கணக்கைப் பாத்துட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க" என்றேன். முறை விஷயத்தில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். பழத்தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும். சம்பாதிக்கிற பெண், கோபித்துக்கொண்டு போனாலும் போவாள். பிறகு காலத்துக்கும் என்னை வெறுப்பாள். முறையில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் யார்மேலும் கோபம் வராது. இதுதான் எல்லாருக்கும் நல்லது என்று எனக்குப் பட்டது. துஷாந்துக்கு அனுப்பிய பழைய குடிக் கணக்கில் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நேராக மாயாண்டி, வேலாயி, ராக்காயி என்று மூன்று பெயர் இருந்தது. பெயரும் வயதும்தான், உறவு எழுதியிருக்கவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைக் காட்டினேன்.

"எங்கப்பா ரெண்டு பேர வச்சிருந்தாரு. வேலாயி எங்கம்மா. ராக்காயி உங்கம்மா. பிரச்சினையாகி அவங்கள பூண்டுலோயாப் பக்கம் அனுப்பிட்டாங்க. நீங்க எனக்குத் தம்பி, பழனியாண்டி" என்றேன்.

செத்துப்போன அப்பாவுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் யோக்கியமான மனிதர், அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடில்லை. அத்தையும் அப்படித்தான்.

பழனியாண்டி தலை குனிந்துகொண்டார். திலக்ஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இது நிச்சயமாங்களா?" என்றான். "ரத்தம் பொய் சொல்லுமா தம்பி" என்றேன். பிரியந்தினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர்களுக்குள் எதுவரை போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஓர் அப்பா கேட்கிற கேள்வியா அது. திலக்ஷனின் முகம் போன போக்கைப் பார்த்தபோது தூரமாகத்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்போதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னதை மாற்றுகிறவன் என்ற பேர் எனக்கு இருந்ததில்லை.

தீபாவளி நெருங்கிய சமயம் கொத்மலை அணைக்கட்டுப் பக்கம் திலக்ஷனுடைய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அவனை மறுநாள்தான் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

இழவு வீட்டுக்கு நாங்களும் போனோம். போகாமல் இருக்க முடியுமா, பெரியப்பா முறை ஆயிற்றே. எங்கள் பெண்கள் முறை சொல்லித்தான் அழுவார்கள். தம்பி, மகனே, கொழுந்தனாரே என்று ஒவ்வொருத்தியும் தனக்குரியதைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். பிரியந்தினி கால்மாட்டில் நின்றாள். ஒரு கிழவி அவள் தோளைப் பிடித்து, "ஒனக்கு அண்ணந்தானடி, சொல்லி அழு" என்றாள். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். "அண்ணே" என்றாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. மழை வேறு, உட்கார இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளே வெந்நீர் வைத்தாள். இழவுக்குப் போய் வந்தால் தலை முழுக வேண்டுமல்லவா.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் தாலி கட்டிவிட்டுச் செத்திருந்தால் இவள் விதவை. அண்ணன் செத்தால் தங்கைக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை, பூவும் பொட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த வகையில் நான் அவளுக்கு நல்லதுதான் செய்திருந்தேன். அவளாகவே பொட்டு வைப்பதை விட்டது வேறு விஷயம். தரகர் கொண்டு வந்த இடங்களையெல்லாம் வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. கட்டாயப்படுத்துகிற அப்பன் நானில்லை.

பழனியாண்டி வந்து போகத் தொடங்கினார். வரும்போதெல்லாம் தோட்டத்தில் பிடுங்கிய லீக்ஸ், கரட் என்று ஒரு பை நிறையக் கொண்டு வருவார். "அண்ணே, பையன் போயிட்டான். ஒங்களத் தந்துட்டுப் போயிருக்கான்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். இந்த வயதில் ஒரு தம்பி கிடைப்பது லேசான காரியமா. உண்மையில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மகன் செத்துத் தனியாகிப்போன மனிதருக்கு நான் ஆறுதலாக இருந்தேன் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அவருக்கு ஓர் ஆசை வந்தது. தன் பெயருக்குப் பின்னாலும் மாயாண்டி என்று போட்டுக்கொள்ள வேண்டும். சும்மா போட்டால் ஊர் சிரிக்கும், துஷாந்த் மாதிரிப் பரிசோதனை செய்து போட்டால்தான் மரியாதை என்றார். துஷாந்தும் ஒரு குழாய் அனுப்பினான். தடுத்திருக்கலாம். ஆனால் களைப்பாக இருந்தது. பொய்யைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான், தினமும் எழுந்து செய்ய வேண்டியிருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் துஷாந்த் பேசினான். "பெரியப்பா, இது ஒரே அப்பாவுக்குப் பொறந்தவங்களுக்கு வர்ற அளவே இல்ல. அதுல பாதிதான் இருக்கு. அவர் உங்களுக்கு அத்தை மகனோ சின்னம்மா மகனோவாத்தான் இருக்கணும். ராக்காயி யாரு பெரியப்பா?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அவன் உடனே பிரியந்தினிக்கு எடுத்தான். அவள் பின்பக்கம் முட்டைக்கோவாப் பாத்திகளுக்கு நடுவில் நின்று பேசினாள். பேச்சு முடிந்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

"ராக்காயி யாருப்பா?"

"என் அத்தை."

"எப்ப தெரியும்?"

"அவங்க தட்டோட வந்தப்பவே."

அவள் அழவில்லை. சத்தம் போடவில்லை. "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"நீ போயிட்டா எனக்கு யாரும்மா வெந்நீ வப்பா?" என்றேன்.

கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தாள். பிறகு அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். காலையில் எழுந்து பார்த்தபோது வாளி கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய செருப்பு வாசலில் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த பையும் இல்லை.

இதுதான் நடந்தது. அந்தப் பையனைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்வதை எழுதிக்கொள்கிறவன்தான் நானும்.

பிரியந்தினி பூண்டுலோயாவுக்குத்தான் போயிருப்பாள். முறைப்படி பழனியாண்டிக்கு அவள் மருமகள், போய் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டியது அவள் கடமை. பின்னேரத்துக்குள் வந்துவிடுவாள், அப்பாவைத் தனியே விடுகிற பிள்ளையில்லை. அவளுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நானே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, விறகையும் அடுக்கிவிட்டேன். அவள் வந்து பற்ற வைத்தால் போதும்.