ஓடாத இருபத்தாறு சோதனைகள்

கொழுந்தன்: எல்லாம் பாஸ் அண்ணி. ஒரு சிவப்பு கூட இல்ல. கையெழுத்தப் போடுங்க, மருந்து பம்பு வண்டியேறட்டும்.

அண்ணி: எத்தன டெஸ்ட்டு?

கொழுந்தன்: எல்லாமே.

அண்ணி: எல்லாமேங்கறது ஒரு நம்பரா?

கொழுந்தன்: முந்நூத்திப் பதினாலு. வீட்லயும் இப்படித்தான் துவைச்ச துணிய எண்ணுவீங்களா?

அண்ணி: எண்ணுவேன். உங்கண்ணன் சாக்ஸ்ல எப்பவும் ஒண்ணு குறையும். போன மாசம் முந்நூத்தி நாப்பது ஓடுச்சு. மிச்சம் இருபத்தாறு எங்க?

கொழுந்தன்: அது... பழசு சிலத கழிச்சிருப்பாங்க.

அண்ணி: யாரு? புரோகிராமயும் டெஸ்ட்டயும் சேத்துக் கட்டி பில்டு போடறது நீ ஒருத்தன்தான். செட்டிங் ஃபைலத் திற.

கொழுந்தன்: இப்பவா? கீழ ஆஸ்பத்திரிக்காரர் வந்து உக்காந்து ஒரு மணி நேரம்...

அண்ணி: இன்னும் கொஞ்சம் உக்காரட்டும். நாற்காலி என்ன தேஞ்சா போகும்? திற. மல்ட்டிபிராசஸர்னு ஒரு வரி இருக்கும் பாரு. என்ன போட்டிருக்கு?

கொழுந்தன்: ...ஆஃப்.

அண்ணி: பம்புல எத்தன பிராசஸர்?

கொழுந்தன்: ரெண்டு. ஆனா ஒண்ணுலயே நல்லாத்தான்...

அண்ணி: இது என்ன கால்குலேட்டரா? நரம்புல மருந்து ஏத்தற மெஷின். ஒவ்வொரு சொட்டும் சொன்ன மில்லிசெகண்டுல விழணும். அந்த வரி ஆஃப்ல இருந்தா, ரெண்டு பிராசஸரும் சேந்து ஓடறதப் பாக்கற இருபத்தாறும் பில்டே ஆகாது. ஃபெயில்னும் வராது. பரீட்சைக்கே வராதவன் எப்படிடா ஃபெயில் ஆவான்?

கொழுந்தன்: மறந்துட்டேன் அண்ணி.

அண்ணி: நீயா? ஆபீஸ்ல பாதிப் பேரோட பாஸ்வேர்டு உனக்கு மனப்பாடம்.

கொழுந்தன்: அத விடுங்க அண்ணி, நேரமாச்சு.

அண்ணி: எந்த டெஸ்ட்டு நடுவுல நின்னுச்சு?

கொழுந்தன்: நின்னுச்சுன்னு நான் சொல்லவே...

அண்ணி: உன் மூஞ்சி சொல்லுது.

கொழுந்தன்: ஒண்ணே ஒண்ணு. லாக் டெஸ்ட்டு, ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே வேலையில கை வைக்காம தடுக்கற பூட்டு. ரெண்டு பிராசஸரும் "நீ முதல்ல போ, நீ முதல்ல போ"ன்னு அப்படியே நின்னுடுது. அதுவும் அம்பது தடவைக்கு ஒரு தடவதான்!

அண்ணி: அந்த ஒரு தடவ கட்டில்ல படுத்திருக்கறவனுக்கு மருந்து இறங்கிட்டே இருக்கும். நிறுத்தற பட்டனும் கேக்காது.

கொழுந்தன்: தெரியும்.

அண்ணி: தெரிஞ்சேவா ஆஃப் பண்ணின?

கொழுந்தன்: அந்த லாக்க எழுதினது யாருன்னு எந்தப் பேர் இருக்கு, பாத்தீங்களா? அண்ணன் பேர். இன்னொரு தப்பு வந்தா வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு மேனேஜர் போன மாசமே அவருகிட்ட சொல்லிட்டாரு. உங்க காதுக்குப் போக வேணாம்னு அண்ணன்தான்...

அண்ணி: என் காதுக்கா...?

கொழுந்தன்: நீங்க கவலப்படுவீங்களாம்.

அண்ணி: ...சரி. அந்த வரிய ஆன் பண்ணு.

கொழுந்தன்: அண்ணி! அண்ணன் வேல போயிடும்!

அண்ணி: போகாது.

கொழுந்தன்: அவ்ளோ உறுதியா எப்படிச் சொல்றீங்க?

அண்ணி: அவர் காய்ச்சல்ல கிடந்த மூணு நாளும் அவர் பேர்லயே கம்ப்யூட்டருக்குள்ள போயி அந்த லாக்க எழுதினது நான். எழுதினவளே டெஸ்ட்டுல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இங்க சட்டம், அதான் இத்தன நாளா வாயத் தொறக்கல. நீ பில்டப் போடு... நான் மேனேஜர் ரூமுக்குப் போறேன்.