லென்ஸ் மேல் பழி போட்ட முகம்

அவையை அழகுசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நாடி பிடித்து நம்பிக்கை கொடுக்கும் மருத்துவப் பெருமக்களே! வாழ்ந்து பழுத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! முகத்தில் ஒரு பாதி மௌனவிரதம் இருந்தாலும், கைக்குட்டையால் மூடாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் கனிந்த வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். போட்டோ ஸ்டுடியோவில் படங்களுக்குப் பிரேம் போடுகிறவள். முகவாதத்தைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்கிறீர்களா? முகவாதம் வந்த மனிதரோடு குப்பை கொட்டியவள் ஐயா நான்! இதைவிடப் பெரிய பட்டம் எந்தக் கல்லூரியில் கொடுக்கிறார்கள்?

என் வீட்டுக்காரர், “சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க” என்று ஊரையே சிரிக்கவைத்துப் படம் பிடித்தவர். ஒருநாள் காலை கடையைத் திறந்ததும், வெளிச்சம் சரியா என்று பார்க்கத் தன்னையே ஒரு படம் எடுத்தார். படத்தில் வாய் கோணியிருந்தது. இடது கண் பாதி திறந்தபடி நின்றது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கண்ணாடி பார்ப்பீர்கள். அவர் என்ன செய்தார்? லென்ஸைத் துடைத்தார்! துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். லென்ஸை மாற்றி எடுத்தார். விளக்கை நகர்த்தி எடுத்தார். நான் டீ கொண்டுபோனபோது கேமராவைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்த டீ, வாயோரமாய் வழிந்து சட்டையை நனைத்தது.

“கேமரா மக்கர் பண்ணுதுடி” என்றார்.

“கேமரா ஒழுங்காத்தான் இருக்கு. உங்க மூஞ்சிதான் மக்கர் பண்ணுது. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!”

“மத்தியானம் போலாமே. கஸ்டமர் வர்ற நேரம்...”

“கடைய நான் பூட்டிக்கறேன். எந்திரிங்க!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால் வீறாப்பாய்ப் பேசியது வாய் மட்டும்தான். பக்கவாதமோ என்று பயந்து செத்தேன்.

டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, “புருவத்தத் தூக்குங்க” என்றார். வலது புருவம் ஏறியது, இடது அசையவில்லை. “கண்ண இறுக்கி மூடுங்க. கையத் தூக்குங்க. பல்லக் காட்டுங்க.” ஊரைப் பல்லிளிக்கச் சொன்னவருக்கே அந்தக் கட்டளை!

“சீக்கிரமா கூட்டிட்டு வந்தீங்கம்மா, நல்லதாப் போச்சு” என்றார் டாக்டரம்மா. “மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெத்தி சுருங்கும். இவருக்கு நெத்தியும் சேர்ந்து அசையல; கை கால் நல்லா இருக்கு. முகத்துக்கு வர்ற நரம்பு வீங்கியிருக்கு. ஆனா இத வீட்டுல உக்காந்து யாரும் முடிவு பண்ணக் கூடாது.”

கேட்டீர்களா தாய்மார்களே? முகம் கோணினால் எண்ணெய் தேடலாமா? நல்ல நேரம் பார்க்கலாமா? நாளைக்கு என்று நாள் கடத்தலாமா? கூடாது, கூடாது, கூடவே கூடாது! வீக்கம் தணிக்கும் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூடாத கண் வறண்டால் புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பும், இமையை மூடி ஒட்டும் பட்டையும் வேண்டும். பெரும்பாலோர்க்கு நரம்பு நலம்பெறும். சற்றே நாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னவருக்கு அந்தப் பொறுமை ஏது? வாயை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்தார். இயன்முறை மருத்துவப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணே, இது என்ன குஸ்தியா? கண்ணாடி முன்னாடி, மெதுவா, கொஞ்சமா. முரட்டுத்தனமா இழுத்தா நரம்பு தப்பாப் பழகிடும். அப்புறம் வாய அசைச்சா கண்ணு மூடும்!”

இதற்கு நடுவில் எங்கள் மகளின் திருமணம் வந்தது. “நான் படத்துல நிக்க மாட்டேன்” என்று கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் மனிதர். மகள் மணமேடையிலிருந்து மாலையோடு இறங்கி வந்தாள்.

“அப்பா, நீங்க நிக்கலேன்னா எனக்குப் படமே வேணாம்.”

“கோணல் வாயோட நான் நின்னா உன் படமே கெட்டுடும்மா.”

“கெடட்டும். அது என் படம்.”

கல்யாணத்துக்கு வந்திருந்த எதிர்க்கடை போட்டோக்காரர், எங்கள் பரம வைரி, கேமராவை வாங்கிக்கொண்டார். இவர் நல்ல பக்கத்தை மட்டும் காட்டித் திரும்பி நின்றார். மகள் அவர் மோவாயைப் பிடித்து நேராக்கினாள். அரை முகம் சிரித்தது, ஐயா! அந்த அரைச் சிரிப்பைத்தான் பெரிய பிரேமில் எங்கள் கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்து, “எனக்கும் இப்படித்தான்” என்று உள்ளே வந்தவர்களை அழைத்துக்கொண்டுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். முகம் முழுதாய்த் திரும்பட்டும், முக்காலாய்த் திரும்பட்டும், மூலையில் முடங்காதீர்கள்! முன்னால் வந்து நில்லுங்கள்!

பின்னால் விசிலடிக்கும் தம்பி, நன்றாக அடியுங்கள்! உதடு குவிவதே ஒரு வரம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

சில மாதம் கழித்து ஒரு காலை, பிரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். “இங்க பாருடி” என்றார். திரும்பினேன். அந்த இடது கண், அந்த மூடாத கண், என்னைப் பார்த்துக் கண்ணடித்தது! கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருமுறைகூட எனக்குக் கண்ணடிக்காத மனிதர்! சுத்தியல் என் விரலில் விழுந்தது. வலித்ததா? வலித்தது. அழுதேனா? அழுதேன். என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததும் அன்றுதான்.

நேரம் தந்த தலைவருக்கும், காது தந்த உங்களுக்கும், கண்ணடித்த அவருக்கும் என் நன்றி. வணக்கம்!