ஏழாவது படியில் தண்ணீர்

— ஏழாவது படியத் தாண்டி வாங்க டீச்சர். வழுக்கும்.

— உங்க மாடிப்படி காஞ்சு கெடக்கு சார். ஈரமே இல்ல.

— எழுதி வச்சுக்கோங்க, அது காயவே காயாது. உக்காருங்க. தம்பி விஷயமாத்தானே வந்தீங்க?

— ஆமா. அவன் ஜெயிலுக்குப் போய் எட்டு வருஷம். படகுத்துறையில டிக்கெட் கொடுத்த பொண்ண அவன்தான் தண்ணியில தள்ளினான்னு முடிவானது உங்க வாயால.

— நான் உங்க தம்பி பேரையே எடுக்கல. அந்தப் பொண்ணோட போன்ல கடைசிப் படம், துறைப் படிக்கட்டுல மேலேர்ந்து ஏழாவது படியில தண்ணி நிக்குது. போன் கடிகாரம் தப்பு. கடல் அங்க எப்போ இருந்துச்சுன்னு கோர்ட்டுல கேட்டாங்க. தண்ணி அளவு எழுதுற ஆளு நான். நோட்டப் பாத்துப் பதினோரு மணின்னேன்.

— பதினோரு மணிக்குத் தம்பி துறையில இருந்தான். அவங்களுக்கு அது போதும். போன வாரம் கிளாஸ்ல நேர்மாறு சார்பு நடத்தினேன் சார்.

— அதென்ன, வியாதி பேரு மாதிரி?

— கணக்குதான். நேரத்தச் சொன்னா, தண்ணி எவ்வளவுன்னு ஒரே பதில். திருப்பிப் போட்டு, தண்ணியச் சொல்லி நேரத்தக் கேட்டா? இந்தாங்க, அன்னைக்கு உங்க நோட்டுல இருந்த அளவத்தான் வரைஞ்சிருக்கேன். காலையில ஏறுது, ஒம்போது மணிக்கு உச்சி, அப்புறம் எறங்குது. மலை மாதிரி இருக்கா? ஏழாவது படி உயரத்துல ஸ்கேலக் குறுக்க வைங்க. எத்தன எடத்துல வெட்டுது?

— ...ரெண்டு.

— ஏறும்போது ஏழு மணி. எறங்கும்போது பதினோரு மணி. பாதி மலைய மறைச்சாத்தான் ஒரே பதில் வரும். நீங்க எதுக்கு சார் ஏழு மணிப் பாதிய மறைச்சீங்க?

— மறந்திருப்பேன்.

— முப்பது வருஷம் தெனம் அளவெடுத்த ஆளுக்குக் கடல் ஏறுறது மறந்துடுமா?

— சரிம்மா, ரெண்டு பதில். எது சரின்னு நீங்க எப்படிச் சொல்வீங்க? ஏறுற தண்ணியும் எறங்குற தண்ணியும் படத்துல ஒண்ணுதான்.

— இல்ல. படத்தப் பெருசாக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். ஆறாவது படியப் பாருங்க.

— பழைய பெயின்ட்.

— கோர்ட்டுலயும் அப்படித்தான் நெனச்சாங்க. சாக்பீஸ் சார். தண்ணி ஆழம் 'நாலடி'ன்னு எழுதியிருக்கு. ஒம்போது மணிக்குத் தண்ணி நாலாவது படி வரைக்கும் வந்திருக்கு, உங்க கையெழுத்துலயே இருக்கு. பதினோரு மணிப் படம்னா அந்த எழுத்து கழுவிட்டுப் போயிருக்கும். ஏழு மணிக்குத் தம்பி அக்கரையில, எங்க ஸ்கூல் வாசல்ல பெஞ்சு எறக்கிக்கிட்டிருந்தான். வாட்ச்மேன் பாத்திருக்கார்.

— அந்த ஜன்னல மூடுங்க டீச்சர். தண்ணிச் சத்தம் தாங்கல.

— கடல் இங்கேர்ந்து நாலு மைல். சொல்லுங்க சார், தெனம் காலையில படகுக்காரங்களுக்காகப் படியில அளவ எழுதுறது யாரு?

— ...மூணடின்னு எழுதணும். நாலடின்னு எழுதிட்டேன். நம்பி வந்தா படகு தரை தட்டும். அவ அதப் படம் புடிச்சு, உங்க மேலதிகாரிகிட்ட காட்டப் போறேன்னு சிரிச்சா. வெளையாட்டுக்குத்தான். ரிட்டயர் ஆக எனக்கு ஒரு வருஷம் பாக்கி. போனத்தான் புடுங்கப் போனேன், அவளத் தள்ளல. போன் மேல் படியில விழுந்துச்சு. அவ உள்ள போயிட்டா. கைய நீட்டினா.

— புடிச்சிருக்கலாமே சார்!

— கையில நோட்டு இருந்துச்சு. நனைஞ்சிடும்னு மேல ஏறிட்டேன்.

— எந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் போய் இத அப்படியே சொல்லணும். என் தம்பிய நான் வெளிய கூட்டிட்டு வரணும்.

— வர்றேன். நீங்க முன்னால எறங்குங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான் கீழ எறங்கினதே இல்ல. அவ ஏழாவது படியில உக்காந்திருக்கா.

— எல்லாம் மனசு சார். வாங்க, நானே எண்ணிக் காட்டுறேன். நாலு... அஞ்சு... ஆறு... சார், சாக்பீஸ்ல 'மூணடி'ன்னு எழுதியிருக்கு. நான் ஏறி வரும்போது இது இல்ல.