இரண்டாம் பரிசுச் செடி

பியோனிப் பூச்செடியை ஆழமாக நடக்கூடாது. இரண்டு விரற்கடைக்கு மேல் மண் ஏறினால் இலைதான் விடும், பூக்காது. உங்களுக்கும் இது தெரியும், கான்ஸ்டபிள் ஹிபர்ட். நீங்களும் நம் தோட்டச் சங்கத்து ஆள்தானே. அந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காருங்கள். தேநீர் சூடாக இருக்கிறது. வேரில் சுற்றிக்கொண்டு வந்த கறுப்பு மணிமாலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டங்களில் நான் வாய் திறந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூட அறையில், கணப்பை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவேன். பேசுவதெல்லாம் என் அக்கா மில்லிசென்ட்தான். அவள் கனடா போன பிறகு, பாதிரியார் மட்டும் கூட்டம் தவறாமல் கேட்பார்: "மில்லிசென்ட் சௌக்கியமாம்மா?"

"சௌக்கியம்தாங்க ஐயா" என்பேன். உடனே குனிந்து அடுத்த கோப்பையில் ஊற்ற ஆரம்பிப்பேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூச்சம் இல்லை, பயம். சங்கம் ஜூனில் நடத்தும் பூக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினால், அக்டோபரில் அந்தச் செடியின் வேர்த்துண்டை எல்லோர் முன்னாலும் தோண்டிக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அது சங்கத்து விதி. அதனால் ஒவ்வொரு மே மாதமும் என் பியோனியின் நல்ல மொட்டுகளை நானே கிள்ளிப் போட்டுவிடுவேன். இரண்டாம் பரிசு வரும். எனக்கு அது போதும்.

பக்கத்து வீட்டு டஃப்லி பிரிஸ்டலில் இருந்த கடையை விற்றுவிட்டு வந்தவர். சத்தமான மனிதர், நல்லவரும்கூட. நான் உள்ளே நுழைந்தாலே, "வந்துட்டாங்கய்யா ரெண்டாம் பரிசு ராணி!" என்பார். மன்னருக்கு முடிசூட்டிய இந்த வருடம், மே மாதம் முழுக்க நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். மொட்டைக் கிள்ள ஆள் இல்லை. ஜூனில் அவரே வேலி தாண்டி வந்து பூவை வெட்டி, என் பெயரில் கண்காட்சியில் வைத்துவிட்டார். எனக்கு ஒரு சந்தோஷம் கொடுக்க வேண்டும் என்றுதான் செய்தார்.

"என்ன மிஸ் பர்கிஸ், முதல் பரிசு கெடைச்சும் வீட்ல திருடன் புகுந்த மாதிரி முழிக்கிறீங்க?" என்றார் கூட்டத்தில். "வேரு கெடக்கட்டும். அடியில அப்படி என்ன உரம் போட்டு வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும். மூணு மண்வெட்டி ஆழம் தோண்டாம விடமாட்டேன்."

"தோண்டுறப்ப சொல்லி அனுப்புங்க, எம் பூசணிக்கும் கொஞ்சம் அள்ளிக்கிறேன்" என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் எனக்கு நிம்மதி இல்லை. டஃப்லி வேலியில் சாய்ந்து அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார். "அக்டோபர் வரட்டும்" என்பார். காற்றில் இலை அசைந்தால் யாரோ கீழிருந்து தள்ளுவதுபோல எனக்குத் தோன்றும்.

செப்டம்பரில் அவரைத் தேநீருக்கு அழைத்தேன். அவர் சர்க்கரை நிறையப் போட்டுக்கொள்வார். அது வசதியாக இருந்தது. குளவிக் கூட்டுக்கு வைக்கும் மருந்து நம் எல்லோர் கொட்டகையிலும் இருப்பதுதான். "லேசாக் கசக்குதே" என்றார். "இலை பழசுங்க" என்றேன். மரியாதைக்காக முழுவதையும் குடித்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் ஏன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள்? உங்களுக்கு நான் ஏன் அப்படிச் செய்யப்போகிறேன்.

நான் மறந்துபோனது இன்னொரு விதி. உறுப்பினர் இறந்தால், அந்த வருடத்து முதல் பரிசுச் செடியை அவர் கல்லறையில் நட வேண்டும். வேர்த்துண்டு போதாது. முழுச் செடியையும் அதன் மண்ணோடு ஆழமாக அகழ்ந்து எடுக்க வேண்டும். வெகுகாலமாக யாரும் சாகவில்லை, அதனால் நினைவில் இல்லை. பாதிரியார்தான் நினைவுபடுத்தி உங்களை அனுப்பினார். அந்த விதியைக் கொண்டுவந்தவளே மில்லிசென்ட்தான். அவள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டியதால் நானும் கை தூக்கினேன்.

அவள் கனடா போகவில்லை, ஹிபர்ட். போவதாகத்தான் இருந்தாள். வீட்டை விற்றுவிட்டு, என்னை யாரோ உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு. "அப்ப தோட்டம்?" என்றேன். "வாங்குறவன் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு லாயம் கட்டுவான், உனக்கென்னடி?" என்றாள். முதுகைக் காட்டிக் குனிந்து களை பறித்துக்கொண்டே சொன்னாள். மண்வெட்டி என் கையில் இருந்தது.

அவளை ஆழமாகத்தான் வைத்தேன், மேலே பியோனியை நட்டேன். கழுத்தில் இருந்த மணிமாலையைக் கழற்றத் தோன்றவில்லை. வேர் அவ்வளவு தூரம் தேடிப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

வாருங்கள், போகலாம். அதற்குமுன் செடியை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்துவிடுங்கள். வேரில் மண்வெட்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தோட்டத்தில் நான் இதுவரை எதையும் காயப்படுத்தியதில்லை.