ஊத்தைக் கை

கதைக்காதீங்க மச்சாள். மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்துவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்புங்க. ஓம், அப்படித்தான். நெஞ்சுக் குழாயின்ர பிளாஸ்டர் திறந்திருக்கேக்க வாயத் திறக்கக் கூடாதெண்டு கிளினிக்கில சொன்னாங்கதானே, எச்சில் பட்டாலே கிருமி உள்ள போயிரும். தலையை ஆட்டுங்க, காணும்.

என்ன, என்ர கையைப் பாக்கிறீங்க? சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினன், ஸ்பிரிட்டும் பூசினன். இது ஊத்தைக் கை எண்டு ஊர் முழுக்கக் கதைச்சுத் திரிஞ்சது நீங்கதானே? சீனி வருத்தத்தில உங்கட கிட்னியும் பழுதாகி, நெஞ்சில குழாய் போட்டு, இண்டைக்குப் பிளாஸ்டர் நனைஞ்சு போச்செண்டதும் இந்த ஊத்தைக் கைதான் வேண்டிக் கிடக்கு. குறிஞ்சிப்பிட்டியில இதைப் பழகினவள் நான் ஒருத்திதானே, வேற எங்க போவீங்க!

ஆடாதீங்க. மெல்லத்தான் உரிக்கிறன். என்ர டெனிஷா இதுக்கு அழவே மாட்டாள். நெஞ்சில தொங்கின ரெண்டு குழாயையும் இறால் மீசை எண்டு சொல்லிச் சிரிப்பாள். ரத்தம் சுத்தம் பண்ண அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். கடற்கரையில பிறந்த பிள்ளை, முழங்காலுக்கு மேல தண்ணி பட நான் விடல்ல. கெஞ்சுவாள், கோவிப்பாள், சோறு வேணாம் எண்டு கிடப்பாள். விடல்லயே! அப்படிப் பாத்தன் அவளை.

ஆவணித் திருநாளுக்குத் தலவில அன்னம்மா கோயிலடியில தங்க வாடி போட்டமே, ஞாபகமா? நான் கறி வச்சுக்கொண்டு நிண்டன். பிள்ளையைக் கோயிலுக்குக் காட்டிப்போட்டு வாறன் எண்டு கூட்டிக்கொண்டு போனீங்க. திரும்பி வரேக்க பிளாஸ்டர் ஓரம் கிளம்பி இருந்துது. வேர்வைக்கு எண்டீங்க. நான் ஒரு விசரி, நம்பினன். அடுத்த முறை மெஷின்ல ஏத்தினதும் பிள்ளைக்கு நடுக்கமும் காய்ச்சலும். குழாயில கிருமி எண்டு கழட்டினாங்க. மற்றப் பக்கம் போட்டாங்க, அடைச்சுப் போச்சு. தொடையில போட்டாங்க. அதுவும் போன பிறகு போட இடமில்ல.

பிள்ளையின்ர செத்த வீட்டில, பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு, தாய் சுத்தமா வச்சிருந்தா பிள்ளை இருந்திருக்கும் எண்டு ஒப்பாரியோட ஒப்பாரியாச் சொன்னீங்க. உங்கட தம்பி, என்ர மனுசன், அதுக்குப் பிறகு நான் போட்டுக் குடுக்கிற தேத்தண்ணியைத் தொடுறதில்ல. என்ர கையாம்!

ஏன் கண் கலங்குது? ஸ்பிரிட் எரியுதோ?

நீங்க செய்ததைப் பிள்ளை எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனாள், மச்சாள். யூஜினி மாமி பிளாஸ்டரைக் கழட்டி, கோயில் விளக்கில எடுத்த எண்ணெயைக் குழாய் ஓட்டையில பூசினவ, அம்மாட்டச் சொல்லாத எண்டவ எண்டு. ஏன், பிளாஸ்டருக்கு மேல பூசினா அன்னம்மா தாய்க்கு விளங்காதா?

அங்க, அன்னம்மா சுரூபத்துக்குப் பக்கத்தில இருக்கிறது அதே எண்ணெய்ப் போத்தல்தானே? உங்கட ஓட்டையில ஒரு சொட்டுப் பூசினீங்களா? இல்லையே. உங்கட உடம்பெண்டதும் எல்லாம் விளங்குது.

சீ, பயப்படாதீங்க, பூச மாட்டன். பக்தியில செய்தீங்க, அதை விட்டிருப்பன். செய்துபோட்டுப் பழியை என்ர தலையில போட்டீங்களே, அதைச் செத்தாலும் விட மாட்டன்.

கதவடியில ஆள் நிக்கிறது தெரியுதா? உங்கட தம்பிதான். நான்தான் வரச் சொன்னன். நான் சொன்னா நம்ப மாட்டார், அக்காட வாயால கேக்கோணும் அவருக்கு. சொல்லுங்க. சொன்ன பிறகுதான் புதுப் பிளாஸ்டர். அது வரைக்கும் இது இப்படியே திறந்து கிடக்கும்.

ஐயோ, மாஸ்க்கைக் கழட்டாதீங்க மச்சாள். மாஸ்க்கோட சொன்னாலும் அவருக்குக் கேக்கும்.